இறுக்கிய மூடி

கச்சான் காற்று கிளம்பினால் சாய்ந்தமருது ஊரில் கிணறு இறங்கும், கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காயும், மனிதருடைய வாயில் வார்த்தையும் சூடாகும். றாஹிலாவுக்கு மட்டும் அது நல்ல காலம். அந்தச் சூட்டில்தான் அவளுடைய கொச்சிக்காய்ப் போத்தல்கள் உயிர் பிடிக்கும்.

கோமாரிப் பக்கத்து மணல் தோட்டங்களில், பச்சையாக ஆய்ந்து சந்தைக்கு அனுப்ப முந்தியே பழுத்துவிட்ட கொச்சிக்காயை, அந்தச் சிவந்த மிளகாயை, யாரும் பெரிதாக மதிப்பதில்லை. அதைத்தான் அவள் சாக்கோடு எடுப்பாள். கழுவி, விசிறிக்குக் கீழே துணியில் பரப்பி, ஈரம் போனதும் காம்பு கிள்ளி, இரண்டாகக் கீறி, உள்ளிப் பல்லோடு வாயகன்ற கண்ணாடிப் போத்தல்களில் அடைவாள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஊற்றுவாள். காய் மேலே மிதந்து பூஞ்சணம் பிடிக்காமலிருக்க வாழையிலையை வட்டமாக வெட்டி மேலே அமுக்குவாள். பிறகு ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி மூடியை வைப்பாள். வைப்பாளே தவிர இறுக்க மாட்டாள்.

இரண்டொரு நாளில் உள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள் எழும்பத் தொடங்கும். காலையும் மாலையும் ஒவ்வொரு மூடியாகத் தளர்த்தி, உள்ளே அடைபட்ட காற்றைப் போகவிட வேண்டும். ‘உஸ்’ என்று அது வெளியேறும்போது றாஹிலாவுக்குச் சிரிப்பு வரும். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு முதுகில் தட்டி ஏவறை எடுக்க வைப்பது போலத்தான் இதுவும் என்பாள். புளிப்பு ஏறியதும் அரைத்து, வடித்து, தென்னை வினாகிரி சேர்த்து, மெல்லிய நெருப்பில் ஒரு கொதி காட்டுவாள். அதோடு பொங்கல் அடங்கிவிடும். அடங்கிய சோஸைத்தான் விற்கிற போத்தலில் ஊற்றுவாள். அடங்காத போத்தல் ஒன்றும் அவள் வாசலைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை.

அந்த வருடம் அடங்கிய போத்தலும் போகவில்லை. போனவையும் திரும்பி வந்தன.

அவளுடைய கணவன் றாஸிக் மீன் வாடிகளுக்கு ஐஸ் ஏற்றுகிற லொறி ஓட்டுகிறவன். போகிற வழியில் கல்முனையிலுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போத்தல்களை இறக்குபவனும் அவன்தான். ஒரு நாள் பகல் அவன் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்து வைத்தான்.

“என்ன, ஒருத்தரும் எடுக்கல்லியா?”

“எடுத்தவனும் திருப்பித் தந்திட்டான்.”

“ஏனாம்? புளிப்புக் கூடிட்டா?”

“புளிப்பில்ல கத. பொங்குதாம். பொங்குறதெல்லாம் கள்ளு மாதிரித்தானாம். ஹறாமெண்டு பொண்டுகளெல்லாம் கதைக்காங்களாம். மேசையில போத்தலக் கண்டா ஆக்கள் ஒழும்பிப் போறாங்களாம்.”

றாஹிலா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். “ஆரு கிளப்பின கத இது?”

றாஸிக் பக்கத்து மதிலைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “பொண்டுகள்ற மார்க்கப் பயான்ல உன்ட தங்கச்சிதான் ஒழும்பி நிண்டு இதப் பத்திக் கதைச்சாவாம்” என்றான்.

மதிலுக்கு அப்பால் இருப்பது பஸ்மினாவின் வீடு. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான். உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவள் றாஹிலாவுக்குத் தெற்குப் பாதியிலும் இளையவள் பஸ்மினாவுக்கு வடக்குப் பாதியிலும் சீதன வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மற்ற வீட்டுப் பூனை வரும். றாஹிலாவின் போத்தல்களை முதன்முதலில் நக்கிப் பார்த்து, உறைப்பில் துள்ளிக் குதித்து, “ராத்தா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்று கையை நீட்டியவள் பஸ்மினாதான்.

அதுதான் றாஹிலாவுக்குத் தாங்கவில்லை. ஊரார் சொல்லியிருந்தால் ஊரார் என்று விட்டிருப்பாள்.

றாஸிக் நல்ல மனிதன். சும்மா இராமல் அஸருக்குப் போன இடத்தில் மௌலவியிடம் கேட்டுக்கொண்டு வந்தான். “வினாகிரி மாதிரித்தானாம் புள்ள. வெறிக்காத சாமான், தாராளமாத் தின்னக் கூடும் எண்டு சொல்லிட்டார். இனி என்ன?”

“அவர் உங்கட காதுல சொன்னார். அவ ஊர்ர காதுல சொன்னா” என்றாள் றாஹிலா.

“நீ ஒருக்காப் போய் அவட்டக் கேட்டா என்ன? ஏன் அப்படிக் கதைச்ச எண்டு?”

“கேக்க என்ன இரிக்கி? என்ட கைய நாறடிச்சிட்டா. என்ட கையால சமைச்சதத் திண்டு வளந்தவள். இனி இந்த ஊருல நான் ஒரு பிடி சோறு ஆக்கிக் குடுத்தாலும் மணந்து பாத்துட்டுத்தான் வாயில வைப்பாங்க.”

அன்றிலிருந்து அவள் பஸ்மினாவோடு கதையை விட்டாள். முற்றம் கூட்டும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டால் இவள் கூட்டுவதை நிறுத்திக்கொண்டு உள்ளே போவாள். தொழுகையில் நின்றால் ஓதுகிற சூறா நடுவழியில் நின்றுவிடும். பஸ்மினாவை எப்படி நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வைப்பது என்று மனம் கணக்குப் போடும். சுஜூதில் நெற்றி பாயில் கிடக்க, மனம் மட்டும் மதிலேறிப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸலாம் கொடுத்த பிறகு, தான் என்ன தொழுதோம் என்று அவளுக்கே தெரியாது. இறைவனுக்கு முன்னால் நின்றுகொண்டே ஒரு மனிதப்பிறவியை அடிக்கக் கம்பு தேடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். றாஹிலா அவர்களைவிட மோசமானவளும் இல்லை, நல்லவளும் இல்லை.

கோமாரியிலிருந்து சாக்கு வந்துவிட்டது. விற்கிறதோ இல்லையோ, பழுத்த காய் காத்திருக்காது. காம்பு கிள்ள வழக்கம்போல றஞ்சிதமலர் வந்தாள். கல்முனை மெதடிஸ்தக் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவள், கெட்டிக்காரி. கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்தால் காம்பு மழையாக விழும்.

“அக்கா, விக்காட்டி இஞ்ச தாங்க. எங்கட கோயில் ஆக்களுக்கு நான் வித்துத் தாறன்” என்றாள் மலர்.

“முஸ்லிமாக்கள் ஹறாமெண்டு தள்ளினத வேதக்காரருக்கு விக்கச் சொல்றியா?”

“கள்ளெண்டு சொல்லி வித்தா இன்னும் கெதியாப் போகுமக்கா. எங்கட போதகர்ர காதுல மட்டும் விழப்படா.”

றாஹிலாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை உடனே விழுங்கிக்கொண்டாள். கோபத்தைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

மலர் ஒரு காயைக் கிள்ளிப் போட்டபடி, “நானெண்டா கேட்டிருப்பன்” என்றாள்.

“எத?”

“ஏன்டி இப்பிடிச் செஞ்ச எண்டு. எனக்கும் என்ட தங்கச்சி மேர்சியாக்கும் ஒரு சீலையால வந்த சண்ட. கேட்டுப் பாத்தா அவ என்ட சீலையக் கண்டதே இல்ல. மாசக்கணக்கா நான் சும்மா பல்லக் கடிச்சுக்கொண்டு திரிஞ்சிரிக்கன்.”

“இது சீலக் கத இல்ல மலர்.”

“எல்லாம் சீலக் கததான் அக்கா” என்றாள் மலர். போகும்போது, றாஹிலாவின் உள்ளங்கை எரிவதைக் கண்டு தன் எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் காய்கள் புளித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் செய்தி வந்தது. பஸ்மினாவின் மகள் நுஸ்ஹாவுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணையும் வீட்டையும் பார்க்க வருகிறார்கள். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு. சொல்ல வந்தவன் பஸ்மினாவின் கணவன் பதியுதீன். சாகாமத்தில் வயல் செய்கிறவன். காலில் சேறு காய்ந்திருந்தாலும் பேச்சில் மரியாதை காயாத மனிதன். படியில் ஏறாமல் முற்றத்திலேயே நின்றான்.

“ராத்தா, மூத்தவங்க நீங்க. நீங்க வராம அந்த ஊட்டுல ஒரு சம்பந்தம் பேசேலா. நீங்களும் மச்சானும் வரணும்.”

“ஏன் தம்பி, கூப்பிட அவக்குக் கால் இல்லியா?”

பதியுதீன் தலை குனிந்தான். “அவக்கு உங்கட முகத்தில முழிக்க ஏலாம இரிக்கி ராத்தா.”

“ஏலாமத்தான் இரிக்கும்.”

அவன் இன்னும் போகவில்லை. சாரத்தின் முனையைத் திருகிக்கொண்டு நின்றான். “இன்னமொண்டு ராத்தா. மாப்பிளட உம்மா, சபியா உம்மா எண்டு. அவ முந்தி எங்கயோ கலியாண ஊட்டுல உங்கட சோஸத் திண்டிரிக்காவாம். போன்ல கதைக்கக்குள்ள, ‘பொண்ணுட பெரியும்மாட கொச்சிக்காய் சோஸ் இரிந்தா எனக்கு வேற கறி வேணாம்’ எண்டு சொன்னாவு. அதான்… ஒரு போத்தல்…”

றாஹிலா அவனை நிதானமாகப் பார்த்தாள். “ஏன் தம்பி, என்னிட்டக் கள்ளுக் கேட்டா வந்த?”

பதியுதீனின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. அந்த இனிப்பு அடங்க முந்தியே அவளுக்குள் ஒரு யோசனை விழுந்தது. எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. முழுதாக, கையும் காலும் முளைத்து வந்து நின்றது.

“சரி, வாறன்” என்றாள், தேன் குரலில். “சோஸையும் நானே கொண்டு வாறன். சபியா உம்மாக்கெண்டு விசேஷமாச் செஞ்சு தாறன் எண்டு உங்கட பொண்டாட்டிக்குச் சொல்லுங்க.”

அவன் நன்றி சொல்லிச் சொல்லிப் போனான்.

அவள் செய்த விசேஷம் இதுதான். நன்றாகப் பொங்கிக்கொண்டிருந்த போத்தலொன்றை எடுத்து அரைத்து வடித்தாள். அதைக் கொதிக்க வைக்கவில்லை. வினாகிரியும் விடவில்லை. பழுத்த மாம்பழச் சாறும் ஒரு கரண்டிச் சீனியும் கலந்தாள். சீனி கண்டால் புளிப்பு வெறி பிடித்தது போல எழும்பும் என்று அவளுக்குத் தெரியும். கழுத்துச் சிறுத்த கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்கு மேல் ஊற்றி, மூடியை இறுக்கினாள். துணியால் பிடித்து இன்னொரு தரம் இறுக்கினாள். அன்று அவளுடைய நாக்கில் பிஸ்மில்லாஹ் வரவில்லை. வரவேண்டுமென்று அவளும் கேட்கவில்லை.

காரியம் இப்படி நடக்க வேண்டுமென்று அவள் மனதில் ஓடியது: விருந்துக்கு விரித்திருக்கும். வீட்டுக்காரி என்ற முறையில் பஸ்மினாதான் போத்தலைத் திறப்பாள். திறந்த கையோடு சோஸ் பீறிட்டு அவளுடைய முகத்திலும் உடுப்பிலும் புது விரிப்பிலும் அடிக்கும். நிந்தவூராக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ‘சாப்பாடு வைக்கத் தெரியாத ஊடு’ என்று போய்ச் சொல்வார்கள். தன்னைப்போலவே அவளும் இந்த ஊரில் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் திரியட்டும்.

நுஸ்ஹாவின் முகம் இடையில் ஒரு தரம் வந்து போனது. பெரியும்மா பெரியும்மா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை. றாஹிலா அந்த முகத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை போத்தலை எடுத்துக் கொல்லைச் சுவரில் வெயிலில் வைத்தாள். கச்சான் வேறு சுழற்றி அடித்தது. தகர மூடி மெல்ல மெல்ல மேலே ஊதி, கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம்போல ஆயிற்று. ஜும்ஆவுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த றாஸிக் அதைக் கண்டான்.

“என்ன புள்ள இது, மூடி ஊதிப்போய்க் கிடக்கு? காத்துப் போக விடல்லியா?”

“அது அப்படித்தான். உங்கட வேலையப் பாருங்க” என்றாள். பெருநாளுக்கு எடுத்த சந்தனநிறச் சாரியை உடுத்து, போத்தலைத் துவாயில் சுற்றி, கொல்லை வழியிருக்க, தெருவால் சுற்றி வந்து பஸ்மினாவின் முன்வாசலில் ஏறினாள்.

வீட்டுக்குள் நெய்ச்சோற்று மணம் நிறைந்திருந்தது. மாட்டிறைச்சிக் கறி, பொரித்த கோழி, ஈரல் பிரட்டல், அச்சாறு, வட்டிலப்பம் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு மூலையில் சட்டி தயிரும் பாணியும் மூடி வைக்கப்பட்டிருந்தன. பஸ்மினா குசினி வாசலில் நின்றாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்தது இத்தனை நாளைக்குப் பிறகு அப்போதுதான். பஸ்மினா மெலிந்திருந்தாள்.

“வாங்க ராத்தா” என்றாள்.

றாஹிலா போத்தலை அவளுடைய கையில் கொடுத்தாள். பஸ்மினா அதை வாங்கினாள். ஒரு நொடி மூடியைப் பார்த்தாள். கொண்டுபோய் விரிப்பில் வைத்தாள்.

சபியா உம்மா பெரிய உடம்புக்காரி. மூச்சு வாங்கிச் சிரிக்கிறவள். வெள்ளை வொயில் சாரியில், பாயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, வந்ததிலிருந்து எல்லாரையும் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளோடு அவளுடைய தங்கை வந்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பயானுக்குப் போகிறவர்கள்தான். சஹன்கள் வந்தன. நாலு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுகிற சஹன். மாப்பிள்ளையின் உம்மாவோடு பெண்ணின் பெரியும்மாதான் இருக்க வேண்டும் என்று றாஹிலாவை அங்கே இருத்தினார்கள். பஸ்மினா பரிமாற நின்றாள்.

“அது சரிவராது” என்றாள் சபியா உம்மா. “ஊட்டுக்காரி நிக்க நான் திண்டா எனக்குத் தொண்டையால இறங்காது. நீங்களும் இரிங்க மகள். ஆக்கிக் களைச்சுப்போய் நிக்கிறீங்க. வாங்க, இஞ்ச, ராத்தாக்குப் பக்கத்தில.”

மறுக்க முடியாமல் பஸ்மினா உட்கார்ந்தாள். ராத்தாவும் தங்கச்சியும் தோள் முட்ட, ஒரே சஹனில் கை வைத்தார்கள்.

சபியா உம்மா கதைத்துக்கொண்டேயிருந்தாள். நிந்தவூர்க் காற்றைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றி, மகன் பெண் பார்க்கச் சொன்ன நாளிலிருந்து சோறு இறங்காமல் திரிவதைப் பற்றி. எல்லாரும் சிரித்தார்கள். றாஹிலாவின் கண் போத்தலிலேயே இருந்தது. அப்போது பஸ்மினா, சபியா உம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, ஈரல் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, சோற்றின் மேலால் தள்ளி, றாஹிலாவின் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பார்த்துச் செய்யவில்லை. அவளுடைய கண் விருந்தாளியின் முகத்தில் இருந்தது. கை மட்டும் தன்பாட்டில், ராத்தாவுக்கு எது விருப்பம் என்று தெரிந்த கை, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

றாஹிலா சஹனிலிருந்து கையை எடுத்தாள்.

“எங்க அந்தச் சோஸ்? அதுக்குத்தானே வந்த நான்!” என்றாள் சபியா உம்மா.

பஸ்மினா இடக்கையால் போத்தலை எடுத்து மடியில் வைத்து, உடம்பை விருந்தாளிகளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, மூடியில் கையை வைத்தாள்.

அப்போதுதான் றாஹிலாவுக்கு இன்னொன்று உறைத்தது. இத்தனை நாள் கணக்குப் போட்டவளுக்கு அது எப்படித் தெரியாமல் போனதோ! இது பொங்கினால் இந்தப் பெண்கள் பார்க்கப் போவது எதை? பொங்குவதைத்தான். ‘கண்டீங்களா, கள்ளுத்தான்’ என்று அடித்துச் சொல்லுவதற்கு அத்தாட்சியை அவளே துவாயில் சுற்றி எடுத்து வந்து வைத்திருக்கிறாள். அந்த நொடியில் அவளைத் தூண்டியது தங்கச்சி மேலிருந்த இரக்கமா, தன் பெயர் மேலிருந்த பயமா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து அவளுடைய கையை நீட்ட வைத்தன.

“இஞ்ச தா. நான் திறக்கிறன்.”

“நீங்க தின்னுங்க ராத்தா. நான் திறக்கிறன்.”

“தா எண்டு சொல்றன்.”

“விடுங்க ராத்தா.”

விருந்தாளிகளுக்குச் சிரித்த முகத்தைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் கீழே போத்தலை இழுத்தார்கள். றாஹிலா மூத்தவள், பலமும் அவளுக்குத்தான். பறித்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள். வெளியே கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தாள். இழுபறியில் மூடி அரைச் சுற்றுத் திரும்பியிருந்தது. மிச்சத்தை அது தானே பார்த்துக்கொண்டது.

வெடி போட்டது போல ஒரு சத்தம். மூடி முகட்டில் போய் அடித்தது. சிவப்பு நுரை பீறிட்டு றாஹிலாவின் கழுத்திலும் கன்னத்திலும் கண்ணிலும் சந்தனநிறச் சாரியிலும் அடித்து, நெஞ்சு வழியாக மடிக்கு வழிந்தது. வெள்ளை வொயில் சாரியில் ஒரேயொரு துளி தெறித்தது.

பிறகு சபியா உம்மாவின் தங்கை, “யா அல்லாஹ், என்ன சாமான் இது, இப்பிடிப் பொங்குது!” என்றாள். அடுத்த சஹனிலிருந்து ஒருத்தி தாழ்ந்த குரலில், எல்லாருக்கும் கேட்கும்படியாக, “நாங்க அப்பவே கேள்விப்பட்டதுதானே” என்றாள்.

றாஹிலாவுக்குக் கண் தெரியவில்லை. முகம் முழுவதும் நெருப்பாக இருந்தது. அந்த நெருப்புக்குள் குளிர்ந்த ஏதோ ஒன்று கொத்தாக வந்து அப்பியது. தயிர். பஸ்மினா விருந்துக்கு வைத்திருந்த தயிர்ச் சட்டியை மூடியைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் தூக்கி வந்து, ஆடையோடு அள்ளி ராத்தாவின் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தாள்.

“தயிர முடிச்சிராத புள்ள, ஆக்களுக்கு வேணும்” என்றாள் றாஹிலா, கண்ணை மூடியபடி.

“வாய மூடுங்க ராத்தா.” பஸ்மினா திரும்பி எல்லாரையும் பார்த்தாள். “ஒருத்தரும் ஒண்டும் கதைக்க வேணாம். பயான்ல ஒழும்பிக் கேட்டது நான்தான். ‘என்ட ராத்தா கொச்சிக்காய உப்புத் தண்ணியில புளிக்கப் போடுறா, அது பொங்குது, அதத் திண்டுட்டுத் தொழுதாக் கூடுமா’ எண்டு கேட்ட நான். எனக்கு அதில நல்ல விருப்பம். தின்னவும் வேணும், பயமாவும் இரிந்திச்சு. பயான் சொல்ற ஆலிமா கிதாபு பாத்துட்டு வந்து சொல்றன் எண்டாவு. அடுத்த கிழம சொல்லவும் செஞ்சாவு. வெறி இல்லாத புளிப்புக் கூடும், வினாகிரி மாதிரித்தான் எண்டு. அண்டைக்குக் கலியாண ஊடெண்டு நீங்க ஒருத்தரும் வரல்ல. கேள்விக்கு வந்த ஆக்கள் பதிலுக்கு வரல்ல.”

அடுத்த சஹனிலிருந்தவள் சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.

“பதில நான் ஊடு ஊடாப் போய்ச் சொல்லியிரிக்கணும். ‘ராத்தாட பேரக் கெடுத்தவள் நீதானா’ எண்டு கேட்டிருவீங்களோ எண்டு பயந்து பேசாம இரிந்திட்டன். அதுதான் பிழ. சோஸ்ல ஒரு பிழையும் இல்ல.”

மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால், மகளின் காரியம் நூலில் தொங்கும் நேரத்தில், அவள் அதைச் சொன்னாள். திரைக்குப் பின்னால் நுஸ்ஹா மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

சபியா உம்மா தன் சாரியில் தெறித்த துளியை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

“இனிப்பாவும் இரிக்கி. கொதிக்க வைக்க மறந்திட்டீங்க போல, மகள். எனக்கும் மாங்கா ஊறுகாய் ஒருக்கா இப்பிடித்தான் கூரைக்குப் போன. போய்க் கழுவிட்டு வாங்க. நாங்க காத்துக்கிட்டு இரிக்கம்.”

அவள் உண்மையாகவே அப்படி நினைத்தாளா, இல்லை எல்லாம் விளங்கித்தான் ஒரு வழியைத் திறந்துவிட்டாளா என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட மனிதர்கள் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. றாஹிலா தலையை மட்டும் ஆட்டினாள்.

கிணற்றடியில் பஸ்மினா வாளியால் தண்ணீர் மொண்டு அவளுடைய முகத்தில் ஊற்றினாள். சாரியின் மடிப்புகளிலிருந்து சிவப்பு ஓடி வாழையடிக்குப் போனது.

“நான் மறக்கல்ல” என்றாள்.

“எத?”

“கொதிக்க வைக்க. மறக்கல்ல. வேணுமெண்டுதான் கொண்டந்த. சீனியும் போட்டு, இறுக்கி.”

பஸ்மினா அடுத்த வாளியை இழுத்தாள். “தெரியும்.”

“தெரியுமா?”

“மூடி ஊதி நிண்டிச்சே ராத்தா. உங்கட கை சோஸ எத்தின வருசமாப் பாக்கிறன். வாங்கின கையோட விளங்கிச்சு.”

“பின்ன என்னத்துக்கு நீ திறக்கப் போன?”

“எனக்கெண்டுதானே கொண்டந்தீங்க. வேற ஆர்ர கையில குடுக்கிற?”

கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. றாஹிலா கற்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாளும் சேர்த்து வைத்த ஆத்திரத்தைத் தேடிப் பார்த்தாள். அது முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அதை வைத்து என்ன செய்வதென்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து சபியா உம்மாவின் குரல் வந்தது. “ராத்தாவும் தங்கச்சியும் அங்க என்ன கதைக்கிறீங்க? சோறு ஆறுது! அடங்கின போத்தல் ஒண்டு இரிந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, நான் நிந்தவூருக்குக் கொண்டு போகணும்!”

பஸ்மினாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ராத்தாவின் கையைப் பிடித்தாள். “ராத்தா, என்ன மன்னிச்சுப் பொருந்திக்கங்க.”

“இப்ப கேக்காத.”

“பின்ன எப்ப கேக்கிற?”

“நாளைக்கு வா. நீயா வா, ஆளனுப்பாத. இப்ப எனக்குக் கண் எரியுது. நீ கேக்கக்குள்ள எனக்கு உன்ட முகம் தெரியணும்.” றாஹிலா நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிறகு, “உன்னிட்டக் கேக்க எனக்கும் ஒண்டு இரிக்கி. அதுக்கும் முகம் தெரியத்தான் வேணும்” என்றாள்.

“சரி ராத்தா. குனியுங்க” என்றாள் பஸ்மினா.

றாஹிலா குனிந்து கொடுத்தாள். தண்ணீர் பிடரியில் விழுந்து ஓடியது.